லைட் போடுவதற்கு முன்

தான் குடிக்கிற டீயில் சர்க்கரை போதுமா என்று டீக்கடைக்காரரிடம் கேட்கிற ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடை. அவர் ஒரு வாய் குடிப்பார், டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார், பிறகு கேட்பார்.

"அண்ணே, சர்க்கரை போதுமா?"

"குடிக்கிறது நீ. என்னை இன்னாமா கேக்கற?"

"உங்களுக்கு இன்னா தோணுது?"

"போதும்னுதான் தோணுது."

"சரி, இன்னும் ஒரு ஸ்பூன் போடுங்க."

இதுதான் அவர். எல்லோரையும் கேட்பார், யார் சொன்னதையும் செய்ய மாட்டார். ஆனாலும் கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

தெருவில் அவரை வீடியோ அக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் எனக்குத் தெரியும். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எங்கே இருக்கிறாரோ, தன்னைப் பற்றி ஒருத்தி எழுதுவது பிடிக்குமோ பிடிக்காதோ. நேரில் கேட்டிருந்தால் "உனக்கு இன்னா தோணுது?" என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவன் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் அவன் திடுக்கிடுகிறானா, திடுக்கிடாவிட்டால் காது கேட்கிறதா என்று இரண்டுக்கும் பயப்படுகிறேன். மூத்தவள் ஒன்பது வயதுப் பெரிய மனுஷி. "தம்பி நல்லாத்தான் இருக்கான், விரல எடும்மா" என்று என்னை அதட்டுகிறாள். அவள் அப்படி அதட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடி மாதமும் வீடியோ அக்காவும் நினைவுக்கு வருகிறார்கள். அவள் இந்த வீட்டில் வளர்ந்ததே அந்த மாதத்தால்தான்.

1991 என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெயரோடு எல்லோருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. அதற்குப் பிறகு, போலீஸ்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் போய், ஊர் மறுபடியும் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்த ஆடி மாதம் அது.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கு இருந்தது. முன்பு உர மூட்டை அடுக்கிய இடம், மழை பெய்தால் இன்னும் அந்த நெடி வரும். அதை அக்காவின் தம்பி தன் வீடியோ கடைக்காக எடுத்திருந்தார். அப்போதெல்லாம் ஒரு ராத்திரிக்கு டிவியும் கேசட் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி மூன்று படம் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பதும் அந்தக் கடைதான். மண்டபத்தில் தம்பி எடுப்பார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காது குத்து என்று பெண்கள் கூடுகிற விசேஷங்களுக்கு அக்கா. பெரிய கேமராவைத் தோளில் சாய்த்து எடுத்து எடுத்து, சும்மா பேசும்போதுகூட இடது கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் கண்ணடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமியாரே நினைத்தார்.

அக்கா மெட்ராஸில் ஓவியம் படித்தவர். படித்துவிட்டு ஏன் ஊருக்குத் திரும்பினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். நான் அவரிடமே கேட்டேன்.

"நான் எது வரைஞ்சாலும் வேற யாரோ வரைஞ்ச மாதிரியே இருந்துச்சு. அப்பறம் ஒரு நாள் ஒரு எக்ஸிபிஷனுக்குப் போனேன். யாரோ வெளிநாட்டுக்காரர், இருட்டு ரூம்ல டிவிப் பெட்டிங்கள அடுக்கி வெச்சிருந்தார். ஒண்ணுமே புரியல. வெளிய வந்துட்டு மறுபடியும் உள்ள போனேன். இதுவும் படம் வரையற மாதிரிதான்னு சொன்னாங்க. அப்படின்னா நம்ம தம்பி கடையில இத்தன டிவி தூங்குதேன்னு நெனச்சேன்."

"அதுக்காகவா திரும்பி வந்தீங்க?"

"வந்தது தப்புங்கறியா?"

எனக்கு என்ன தெரியும்? அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பள்ளியிறுதி முடித்து, டைப்பிங் முடித்து, கல்யாணம் முடித்து, சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தவள். "தப்பில்லக்கா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே சுவருக்கு மேலே தலையை நீட்டி என் மாமியாரிடமும் அதையே கேட்டார். மாமியார், "வயசுப் பொண்ணு தம்பி வூட்ல குந்திகினு இருந்தா தப்புதான்" என்றார். அக்கா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டார்.

அவர் வேலை செய்கிற விதம் விநோதமாக இருக்கும். வீடியோ எடுப்பவர்கள் முதலில் லைட்டைப் போடச் சொல்லி, பிறகு கேமராவை ஓட்டுவார்கள். அந்த லைட்டின் சூடு முகத்தில் பட்டதும் முந்தானை தோளுக்கு ஏறும், உதடு மூடும், பல் தெரியாமல் ஒரு சிரிப்பு வரும். எல்லார் வீட்டுக் கேசட்டிலும் எல்லோரும் அந்தச் சிரிப்போடுதான் இருப்பார்கள். அக்கா இதைத் தலைகீழாகச் செய்தார். கேமராவை ஓடவிட்டுவிட்டு, எங்கோ பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நிற்பார். அதன் பிறகுதான் "லைட்டு" என்பார். லைட் பிடிக்கிற அவர் தம்பி ஒவ்வொரு விசேஷத்திலும் முணுமுணுப்பார்: "டேப்பு வேஸ்ட்டா போவுதுக்கா."

விசேஷக்காரர்களுக்குக் கொடுக்கும் கேசட்டில் லைட்டுக்கு முந்தைய துண்டுகள் இருக்காது. அவற்றையெல்லாம் அக்கா எடுத்து வைத்துக்கொள்வார். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, கேமராவுக்கும் டெக்குக்கும் ஓய்வு. "எல்லாருக்கும் வேல இல்லாத மாசம்தான் எனக்கு வேல" என்று கிடங்கைப் பெருக்கிக் கழுவி, சன்னலுக்கும் வாசலுக்கும் சாக்குத்துணி கட்டினார். கறுப்புத் துணியா, நீலத் துணியா என்று தெருவில் பத்துப் பேரைக் கேட்டுவிட்டுக் கட்டிய சாக்கு அது.

உள்ளே இரண்டு டிவி, பக்கத்தில் பக்கத்தில். இரண்டு டெக். இடது பக்கம் லைட் போடுவதற்கு முந்தைய முகம், வலது பக்கம் அதே ஆளின் லைட் போட்ட பிறகான முகம். ஒரு டெக்கிலிருந்து இன்னொன்றுக்கு, பொத்தானை அழுத்தி அழுத்தித் துண்டு துண்டாக அவரே சேர்த்தது. இரண்டு வருடத்து விசேஷங்கள், ஊர்ப் பெண்கள் பாதிப் பேர். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதால், நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இரண்டு டெக்கையும் சேர்த்து அழுத்துவார். கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து.

சத்தம் கிடையாது. அதுதான் முதல் நாள் வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஓசியில் படம் போடுகிறார்கள் என்று பாயும் சொம்பில் தண்ணீருமாக மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இன்னா படம் கண்ணு?"

"உங்க படம்தான்."

"யாரு ஹீரோ?"

இடது பக்க டிவி மங்கலாக, புள்ளி புள்ளியாக இருந்தது. லைட் இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் இருக்கும். எங்கள் எதிர்வீட்டுச் செல்வி எழுந்துபோய்ப் பொத்தானைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டினாள். "பிச்சர் டியூப் அவுட்டுக்கா. மெக்கானிக்க கூப்புடு." திருகிக்கொண்டே இருந்தவள், திரையில் தன் முகம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். எவளோ ஒருத்தியின் வளைகாப்பில் அவள் ஓரமாக நின்று, யார் தட்டில் எத்தனை வளையல் என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வலது டிவியில் அதே செல்வி மகாலட்சுமி மாதிரி சிரித்தாள்.

"அய்யே! இது நான் இல்ல."

"அப்ப யாரு?" என்று அக்கா கேட்டார். "ரெண்டுல எது நீங்க?"

எல்லோரிடமும் அதைக் கேட்டார். எல்லோரும் வலது பக்கத்தைக் காட்டினார்கள். பூ விற்கிற அம்மா மட்டும் இடது டிவிக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இவதான் நானு. இவளுக்குக் கால் வலிக்கிது பாரு. அந்தாண்ட கீறவ யாரோ, காசு பணம் உள்ளவ" என்றார். கிடங்கே சிரித்தது.

இரண்டாம் நாள் ஒருத்தியின் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். "என் பொண்டாட்டி கொட்டாவி வுடறத ஊருக்கே காட்டுவியா?"

"தூக்கிடட்டுங்களா?" என்று அக்கா பணிவாகக் கேட்டார்.

"தூக்கு!"

"யோசிக்கிறேங்க."

தூக்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசமில்லையா? இப்படி நினைத்தேனே தவிர, சொல்லவில்லை. மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேசட்டைத் திருப்பச் சுற்றிக் கொடுக்கிற வேலைக்கு நானே போய்க்கொண்டிருந்தேன். அந்த இருட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் அக்கா கேமராவை என் தோளில் வைத்து, தன்னை எடுக்கச் சொன்னார். "எப்ப ஓட்டறன்னு எனக்குச் சொல்லாத." அவர் டீ குடிக்கும்போது எடுத்தேன், வயரைச் சுற்றும்போது எடுத்தேன், தலையைச் சொறிந்துகொண்டு வாசலைப் பார்க்கும்போது எடுத்தேன். போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அவர் முகத்தில் ஒரு சின்ன ஜாக்கிரதை இருந்தது.

"பாத்தியா, எனக்குத் தெரிஞ்சிடுது. முதுகுப் பக்கமா எடுத்தாலும் தெரிஞ்சிடுது. எல்லாருக்கும் ரெண்டு மூஞ்சி கீது, எனக்கு ஒண்ணுதான். அப்ப நான் நெஜமானவளா, இல்ல எந்நேரமும் வேஷமா? உனக்கு இன்னா தோணுது?"

"நெஜமானவங்கதான்க்கா."

"நீ நல்ல பொண்ணு" என்றார். அது நான் சொன்னதற்குப் பதில் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். பாப்பா அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இளைத்த குழந்தை. இருமினால் டாக்டர், இருமாவிட்டால் டாக்டர் என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். சோறு ஊட்டும்போது கை பதறிப் பதறி அவளையும் அழவைத்துவிடுவேன். என் கணவரின் அக்கா பிள்ளைப்பாக்கத்தில் இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அவருக்குக் குழந்தை இல்லை. "கொஞ்ச நாள் பாப்பா அண்ணிகிட்ட இருக்கட்டும். ஸ்கூல் போற வயசு வந்ததும் கூட்டிக்கலாம். இவளும் கொஞ்சம் தெளிஞ்சுப்பா" என்று வீட்டில் பேசி முடித்தார்கள். என்னிடமும் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் சரி என்றேன். என் கையைவிட அண்ணியின் கை உறுதியானது என்று நானே நம்பினேன். ஆடியில் குழந்தையை வீடு மாற்ற வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று மாமியார் நாளைத் தள்ளிவைத்திருந்தார். மற்றவர்கள் ஆடி எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். எனக்கு அது முடியக் கூடாது.

ஆனியில் பாப்பாவுக்கு எங்கள் வீட்டிலேயே மொட்டையடித்துக் காது குத்தினோம். அக்காதான் வீடியோ எடுத்தார். அந்தத் துண்டும் கிடங்கில் ஓடும் கேசட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. நான் திருப்பச் சுற்றும்போது திரையைப் பார்ப்பதில்லை. என் துண்டு வருகிற நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன். காரணம் இதுதான்: காது குத்தியதும் பாப்பா வீறிட்டாள். அண்ணி என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அந்த நிமிடம் என் கை காலியாக இருந்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பாடா என்று நினைத்தேனோ? மரம் மாதிரி நின்றேனோ? கேமரா அதைப் பிடித்திருந்தால், எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று எல்லோரும் சந்தேகப்படுவதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஆடி முடிவதற்குள் அண்ணி வரப்போகிறார், அதுவரை எட்டிப் பார்க்காத மாமியார் அவரை அழைத்துக்கொண்டு கிடங்குக்கு வருவார்.

ஒரு நாள் காலையில் யாரும் வருவதற்கு முன் போய், "என்னோடத எடுத்துடுங்கக்கா" என்றேன்.

"பாத்தியா அத?"

"இல்ல."

"பாக்காமயே எடுக்கச் சொல்றியா?" என்று இரண்டு டெக்கையும் அழுத்தினார்.

வலது டிவியில் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். அதை விட்டுவிட்டு இடது பக்கம் பார்த்தேன். மங்கல் வெளிச்சத்தில், எங்கள் கூடத்துத் தூணருகே, நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் பிள்ளை இல்லை. ஆனால் இடது கை வளைந்தபடியே இருந்தது. வலது கை அதன் மேல், இல்லாத ஒரு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெல்ல ஆடியது. உதடு அசைந்தது. ஒன்றுமில்லாததைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கா இது?" என்றேன். அசட்டுக் கேள்விதான். ஆனால் உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

அக்கா பதில் சொல்வதற்குள் அடுத்த துண்டு வந்துவிட்டது. தோட்டத்தில் கிணற்றடி. அண்ணி பாப்பாவை வைத்திருந்தார். சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். வலது டிவியில் அதே அண்ணி பாப்பாவை இடுப்புக்கு இறக்கி, விறைப்பாக, வீட்டுக்கு மூத்தவளாக நின்றார். கன்னத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"என்னோடது இருக்கட்டும்க்கா. இத மட்டும் எடுத்துடுங்க. அண்ணி பாத்தா தாங்க மாட்டாங்க."

"தூக்கிடட்டா?"

"தூக்கிடுங்க."

"கண்டிப்பா?"

"கண்டிப்பாக்கா." அந்த வருடத்தில் நான் தயங்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"பாக்கறேன்" என்றார்.

ஆடி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அண்ணி வந்தார். வந்ததும் மாமியாரிடம் சொன்ன முதல் செய்தி: "தூளி கட்ட உத்தரத்துல கொக்கி அடிச்சாச்சும்மா." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் பயந்தபடியே மாமியார் அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். செல்வி, பூக்கார அம்மா எல்லோரும் இருந்தார்கள். நான் பாப்பாவோடு வாசல் சாக்கருகே நின்றேன். இந்த முறை வெளியே போகவில்லை.

என் துண்டு வந்தது. மாமியார் முதலில் சிரித்தார். "பைத்தியம், கைல புள்ள இல்லாமயே ஆட்டினு கீது பாரு." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். 

அடுத்து கிணற்றடி வந்தது. அக்கா அதை எடுக்கவே இல்லை.

திரையில் அண்ணி முகர்ந்துகொண்டிருந்தார். கீழே பாயில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கை தானாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. பூக்கார அம்மா, "புள்ள வாசன அப்பிடிதான்" என்று பொதுவாகச் சொன்னார். அண்ணி எழுந்து என்னைத் தாண்டி வெளியே போனார். மாமியார் பின்னாலேயே ஓடினார்.

எல்லோரும் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஏன்க்கா எடுக்கல?"

"எடுக்கத்தான் உக்காந்தேன். ரெண்டு வாட்டி. அவங்க அவ்ளோ அழகா இருந்தாங்க, கை வரல." இடது கண் முழுதாகத் திறந்திருந்தது. "நான் பண்ணது தப்பா?"

"தப்புதான்க்கா."

வேறு யாரிடமும் போய்க் கேட்க அவர் எழவில்லை. அந்த இருட்டில் டெக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. அடுத்த வருடம் கேபிள் வந்து, கடையை மூடிக்கொண்டு அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லையே என்று அழுதேன். போனதும் நல்லதுதான் என்றும் அன்றே நினைத்தேன்.

நாங்கள் அப்படி இருந்தபோதே வாசல் சாக்கு விலகியது. அண்ணி நின்றிருந்தார். முகம் கழுவியிருந்தார்.

"இன்னொரு தபா போடுவியா? யாரும் வாணாம்."

அக்கா இரண்டு டெக்கையும் அழுத்திவிட்டு வெளியே வந்து, சாக்கை இழுத்து மூடினார். நாங்கள் படியில் உட்கார்ந்தோம். பாப்பா ஒரு காலி கேசட் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கேசட் தீர்ந்து, இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகும் அண்ணி வெகுநேரம் வரவில்லை. கடைசியில் கூப்பிட்டார். 

"எனக்கு இது வோணும்" என்று இடது டிவியைக் காட்டினார். "அந்தாண்ட வெளிச்சமா ஓடுச்சே, அது வாணாம். அத தெனம் கண்ணாடில பாக்கறன். இவள நான் பாத்ததே இல்ல."

அக்காவிடம் வேறு காப்பி கிடையாது. அந்தத் துண்டை மட்டும் தனியாகப் பிரித்துக்கொடுக்கலாம், பொத்தானை அழுத்தி அழுத்தி ஒரு மணி நேர வேலை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா அதற்குள் இடது டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்து, தூசியை ஊதி, முழுதாக அவர் கையில் கொடுத்துவிட்டார். ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் முகமும் என் முகமும் அதற்குள் இருந்தன. யாரையும் கேட்கவில்லை.

வீட்டில் அண்ணி மாமியாரிடம் நின்றுகொண்டே பேசினார். "புள்ள ஆத்தாகிட்டயே இருக்கட்டும்மா. இவ கை சும்மா கீதா, நீயே பாத்தல்ல? கொக்கி எங்க போவப் போவுது. லீவு நாள்ல கூட்டினு வரட்டும், நான் தூளி கட்றன்."

மாமியார் ஏதோ சொல்லத் தொடங்கினார். அண்ணி பாப்பாவைத் தூக்கி என் கையில் வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் கை பாப்பாவின் முதுகில் இருந்தது. பிறகு என்னிடம், "பருப்ப நல்லா மசிச்சுக் குடு. பதறாத" என்றார்.

பஸ் ஏற்றிவிட நானும் பாப்பாவும் போனோம். அக்காவும் கூட வந்தார், யாரும் கூப்பிடவில்லை. அண்ணிக்குச் சன்னலோர இடம் கிடைத்தது. ரோட்டில் மண் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணி கேசட்டை மடியில் வைத்து, புழுதி படாமல் முந்தானையால் மூடிக்கொண்டார். பஸ் பிள்ளைப்பாக்கம் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவங்க வூட்ல டெக்கு இருக்குதா?" என்று அக்கா கேட்டார்.

"டிவியே இல்லக்கா."

"அப்ப சரி, பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.